அடங்காத பிள்ளையா, எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையா?

இவ்வாண்டு மலருக்குக் கல்வியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும் என்று அறநிலையப் பொறுப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி எழுத நம்மிடையே பலர் உண்டு. அப்பிள்ளைகளுக்கு மேடையும் உண்டு, பொன்னாடையும் உண்டு. ஆகவே நான், எந்த மேடைக்கும் அழைக்கப்படாத பிள்ளையைப் பற்றி எழுதலாம் என்று எடுத்துக்கொண்டேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து பக்கத்துப் பையனின் பென்சில் பெட்டியைத் தட்டிவிடுகிறவன், வீட்டுப்பாடம் கொண்டு வராதவன், கட்டொழுங்கு ஆசிரியரின் பதிவுப் புத்தகத்தில் மாதம் தவறாமல் பெயர் ஏறுகிறவன் எவனோ, அவனைப் பற்றியது இக்கட்டுரை.

கூலாய் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியனாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது மாலை வேளைகளில் கோயில் மண்டபத்தில் சில பிள்ளைகளை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறேன். இளம் ஆசிரியர்கள் என்னைக் காணும்போது கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், இந்தப் பையனை எப்படி அடக்குவது?" பெற்றோர் கேட்பதும் ஏறக்குறைய அதுவே: "நீங்க அடிச்சாவது திருத்துங்க சார்." இரு சாராருக்கும் நான் சொல்வது, அவனை அடக்குவதற்கு முன்னால் அவனுக்கு வாசிக்கத் தெரியுமா என்று பாருங்கள் என்பதே.

ஐந்தாம் ஆண்டில் இருக்கும் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாமலா இருக்கும் என்று கேட்பீர்கள். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வாய்விட்டு வாசிக்கும் பாடம் நடக்கும்போது பிள்ளைகள் வரிசையாக எழுந்து ஆளுக்கொரு பத்தி வாசிப்பார்கள். அவன் வரிசைக்கு முறை வருவதற்கு இரண்டு பேர் இருக்கும்போது தவறாமல் ஒரு சண்டை மூளும். ஒருநாள் தண்ணீர்ப் போத்தல் உருளும், ஒருநாள் முன்னால் இருப்பவள் சடை இழுபடும். உடனே அவனை வெளியே நிற்க வைப்பார்கள். அதுதான் அவனுக்கு வேண்டியது. வெளியே நிற்பவன் முரடன் என்று பெயர் எடுப்பான்; உள்ளே நின்று எழுத்துக் கூட்டத் திணறுகிறவன் முட்டாள் என்று பெயர் எடுப்பான். பத்து வயதுப் பையன் இவ்விரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று சொல்ல மனநூல் படித்திருக்க வேண்டியதில்லை. நாம் கொடுக்கும் தண்டனையே அவனுக்குப் புகலிடமாகி விடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஆசிரியருக்கு ஐந்து நிமிடம் போதும். மற்றப் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவன் வகுப்புக்கு இரண்டு ஆண்டு கீழே உள்ள பாடநூலில் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்ல வேண்டும். சரளமாக வாசித்தாலும் உடனே நம்பிவிடக் கூடாது. காதால் கேட்டே பாடம் முழுவதையும் மனனம் செய்து வைத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் ஒப்பிப்பார்கள்! ஆகவே அதே பக்கத்தைக் கடைசிச் சொல்லிலிருந்து மேல்நோக்கிச் சொல் சொல்லாக வாசிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறானா என்பது அப்போது தெரிந்துவிடும். 'பழம்' என்பதைப் 'பணம்' என்று ஒருவன் சொன்னால் அது கவனக்குறைவு அன்று. அவன் நடு எழுத்தைப் பார்க்கவே இல்லை என்று பொருள்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளையின் சுமை எத்தகையது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஏழு வயதில் அவன் ஒரே நேரத்தில் மூன்று மொழிகளை இரண்டு எழுத்து முறைகளில் கற்கத் தொடங்குகிறான். தமிழில் 247 எழுத்துகள். அவற்றுள் உயிர்மெய் மட்டும் 216. பல பிள்ளைகள் 'க, கா, கி, கீ' வரை தடையின்றி வருவார்கள். 'கெ' வந்ததும் நின்றுவிடுவார்கள். காரணம் எளிது. 'கெ' என்பதில் ஒலி பின்னால் வருகிறது, கொம்போ முன்னால் நிற்கிறது. 'கொ' என்பதில் கொம்பு முன்னும் கால் பின்னுமாக எழுத்தையே நடுவில் பிடித்துக்கொள்கின்றன. இடமிருந்து வலம் வாசிக்கப் பழகிய கண்ணுக்கு இது ஒரு முரண்பாடு. மலாயிலும் ஆங்கிலத்திலும் இந்த வழக்கம் இல்லை. ஆகவே கொம்பு வரும் சொற்களை மட்டும் தனியே எடுத்து, 'மெது, பெரிய, தேர், பொட்டு, கோயில்' என்று நாளுக்குப் பத்துச் சொல்லாக, இரண்டு வாரம் வாசிக்க வைத்துப் பாருங்கள். அப்படிச் செய்த பிறகு, மூன்று ஆண்டுகளாக ஓடாத வண்டி ஓடத் தொடங்கியதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். லகர ளகர ழகர வேறுபாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அது உச்சரிப்புச் சிக்கல், வாசிப்புச் சிக்கல் அன்று. ஆனால் நம் ஆசிரியர்களுள் பலர் அதைத்தான் முதலில் திருத்தப் புறப்படுகிறார்கள்.

பள்ளிகளில் இதற்கென்று குறைநீக்கல் வகுப்பு உண்டு. 2010-ஆம் ஆண்டில் அரசாங்கம் 'லினுஸ்' என்ற திட்டத்தைக் கொண்டு வந்து கீழ்வகுப்புப் பிள்ளைகளின் எழுத்தறிவையும் எண்ணறிவையும் சோதித்தது. அத்திட்டம் பின்னர் நின்றுபோயிற்று. குறைநீக்கல் ஆசிரியர் இருக்கும் பள்ளியிலும் அவர் பெரும்பாலும் கீழ்வகுப்புகளையே பார்க்க முடிகிறது. ஐந்தாம் ஆண்டுக்கு வந்துவிட்ட பையன் அந்த வாசலைத் தாண்டிவிட்டவன். அவனுக்குப் பிறகு கிடைப்பது கட்டொழுங்கு மட்டுமே.

வீட்டுச் சூழ்நிலையையும் சொல்லாமல் விடக்கூடாது. கூலாயில் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில் பள்ளிக்கூடம் லயன் வீடுகளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. வாத்தியாரும் தோட்டத்திலேயே குடியிருந்தார். பையன் செய்த குறும்பு சாயங்காலம் பிரட்டுக்களத்திலேயே அப்பாவுக்குத் தெரிந்துவிடும். பிறகு நிலங்கள் கைமாறின. கூலாய் பெசார் தோட்டம் இருந்த இடத்தில் இண்டாபுரா நகரம் எழுந்தது. மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். பிள்ளைகள் வேனில் வந்து வேனில் போகிறார்கள். ஆசிரியர் பெற்றோரின் முகத்தையே ஆண்டுக்கு ஒருமுறை காண்பது அரிது.

அதற்கு மேல் சிங்கப்பூர் வேலை. கூலாயிலிருந்து ஜோகூர் பாலம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தால்தான் நெரிசலுக்கு முன் கடக்க முடியும், திரும்பும்போது இரவாகிவிடுகிறது. தகப்பனும் தாயும் இருவருமே அப்படிப் போகும் வீடுகளில், பிள்ளையை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவது பாட்டி அல்லது மூத்த அக்காள். அந்தப் பிள்ளை முதல் பாட வேளையில் தூங்கினால் அது திமிர் ஆகுமா? கவலையற்ற பெற்றோர் என்று அவர்களை நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். பிள்ளைக்காகத்தான் அந்தப் பாலத்தையே கடக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2014 முதல் 2024 வரை ஜோகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரில் விடுப்பு, இங்கோ பள்ளி நாள். குடும்பம் ஒன்றாக இருக்க ஒரு நாளும் இல்லை என்று எல்லோரும் குறைபட்டார்கள், உண்மைதான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் தகப்பன்மார் பள்ளிக்கு நேரில் வந்து ஆசிரியரைப் பார்க்க முடிந்தது. 2025 ஜனவரி முதல் விடுமுறை மீண்டும் சனி ஞாயிறுக்கு மாறிவிட்டது. குடும்பத்துக்கு நல்லதே. ஆசிரியரைப் பார்க்க வேண்டுமானால் இப்போது ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டும். ஆகவே பெற்றோரைக் கூப்பிட்டால் வருவதில்லை என்று கோபித்துக்கொள்ளும் ஆசிரியர்களிடம், இரவு ஒன்பது மணிக்கு மேல் தொலைபேசியில் ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள், முதல் அழைப்பில் புகார் எதுவும் சொல்லாமல் பிள்ளை செய்த ஒரு நல்ல காரியத்தை மட்டும் சொல்லுங்கள் என்பேன். இரண்டாம் அழைப்பை அவர்கள் தவறவிட மாட்டார்கள்.

பெருந்தொற்றுக் காலத்தின் வடுவும் இருக்கிறது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லை மூடப்பட்டபோது, அக்கரையில் வேலை செய்த பெற்றோர் பலர் மாதக்கணக்கில் வீடு திரும்ப முடியவில்லை. பள்ளிகளும் நீண்ட காலம் மூடிக் கிடந்தன. அவ்வாண்டு முதலாம் வகுப்பில் அடியெடுத்து வைத்த பிள்ளைகள், எழுத்துக் கூட்டும் பருவத்தைக் கைத்தொலைபேசித் திரைக்கு முன்னால் கழித்தவர்கள். சிலருக்கு அந்தத் திரையும் இல்லை. ஒன்றாம் ஆண்டில் விட்டதை நான்காம் ஆண்டில் யாரும் மறுபடி சொல்லித் தருவதில்லை.

இனி பிரம்புக்கு வருவோம். நம்மில் வயது முதிர்ந்தவர்கள் 'அந்தக் காலத்து வாத்தியார்' அடித்த அடியைப் பெருமையாகச் சொல்வார்கள். அடி வாங்கி முன்னுக்கு வந்தவர்கள்தாம் மண்டபத்தில் வந்து அதைச் சொல்கிறார்கள். அடி வாங்கிப் பள்ளியை விட்டு ஓடியவர்கள் அதைச் சொல்ல வருவதில்லை. சட்டப்படி பார்த்தாலும், 1959-ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிகள் பிரம்படி கொடுக்கும் அதிகாரத்தைத் தலைமையாசிரியருக்கே அளிக்கின்றன. அவர் ஒப்படைத்தால்தான் இன்னோர் ஆசிரியர் அதைச் செய்யலாம். பெண்பிள்ளைகளை அடிக்கவே கூடாது. இந்தியாவில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையை முற்றிலும் விலக்கிவிட்டது. ஆனால் சட்டத்தைக் காட்டி நான் வாதாட வரவில்லை. 'கொ' என்ற எழுத்தை வாசிக்கத் தெரியாதவனை எத்தனை முறை அடித்தாலும் அந்த அடி அவனுக்கு 'கொ' சொல்லித் தராது.

அதற்காகக் கண்டிப்பே வேண்டாம் என்பதா? அப்படியும் இல்லை. பாவம் என்று விட்டுவிடும் ஆசிரியரையும் பிள்ளைகள் மதிப்பதில்லை. ஜேக்கப் கௌனின் என்ற அமெரிக்க உளவியலாளர் பல வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970-இல் ஒரு நூல் வெளியிட்டார். குழப்பம் நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதால் வகுப்புக்கு வகுப்பு பெரிய வேறுபாடு இல்லை. குழப்பம் நடப்பதற்கு முன் ஆசிரியர் வகுப்பை எப்படி நடத்துகிறார் என்பதில்தான் வேறுபாடு என்று அவர் கண்டார். நடப்பதெல்லாம் தமக்குத் தெரியும் என்பதை உணர்த்திக்கொண்டே இருக்கும் ஆசிரியர், ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையில் வெற்று நேரம் விடாத ஆசிரியர், இவர்களின் வகுப்பில் சத்தம் போடத் தேவை வருவதில்லை. நம் பழைய ஆசிரியர்களுள் சிறந்தவர்கள் நூல் எதுவும் படிக்காமலேயே இதைச் செய்தார்கள். கரும்பலகையில் எழுதும்போதே "பின்னால யாரு?" என்று திரும்பாமல் கேட்பார்களே, அதுதான்.

அந்தப் பென்சில் பெட்டிப் பையனுக்கு என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு, பலன் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன். எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கச் சொல்வதைக் கொஞ்ச காலம் நிறுத்த வேண்டும். அல்லது நாளை எந்த வரியை வாசிக்கச் சொல்வோம் என்பதை இன்றே காதோடு சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வரியை அவன் இரவெல்லாம் வாசித்துக்கொண்டு வருவான். தப்புச் செய்தால் பிறர் பார்க்கக் கண்டிக்காமல் வகுப்புக்கு வெளியே தாழ்வாரத்தில் கண்டிக்க வேண்டும். பார்வையாளர் இருந்தால் அவன் பணிய முடியாது. "ஏண்டா செஞ்ச?" என்ற கேள்விக்கு எந்தப் பிள்ளையிடமும் பதில் கிடையாது. "என்ன நடந்தது? இப்ப எப்படிச் சரி பண்ணுவ?" என்றால் பதில் வரும். போத்தலை உருட்டியவன் தரையைத் துடைக்க வேண்டும், சடையை இழுத்தவன் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். திங்களன்று தப்பு என்றது வெள்ளியன்றும் தப்பாகவே இருக்க வேண்டும். அவ்வளவு கண்டிப்புப் போதும்.

அதோடு, நாளுக்கு இரண்டு நிமிடம், பத்துப் பள்ளி நாள்கள், அவனோடு படிப்பைத் தவிர வேறு எதையாவது பேசிப் பார்க்கலாம். பந்தாட்டம், வீட்டுக் கோழி, அப்பாவின் மோட்டார் சைக்கிள், எதுவானாலும் சரி. முதல் மூன்று நாள் அவன் சந்தேகத்தோடு பார்ப்பான். நான்காம் நாள் அவனே காத்திருப்பான்.

பாராட்டிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கரோல் டுவெக் என்ற பேராசிரியையும் அவருடன் ஆய்வு செய்தவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், 'நீ கெட்டிக்காரன்' என்று புகழப்பட்ட பிள்ளைகள் கடினமான புதிர்களில் ஒருமுறை தோற்றதும் சோர்ந்துபோனார்கள். 'நன்றாக முயன்றாய்' என்று புகழப்பட்டவர்கள் தோற்ற பிறகும் விடாமல் முயன்றார்கள். ஆகவே "கெட்டிக்காரப் பையன்" என்று தட்டிக் கொடுப்பதைவிட, "நேற்று நாலு இடத்தில் நின்ன, இன்னைக்கு ஒரு இடத்தில்தான் நின்ன" என்று சொல்வது மேல். அதைச் சொல்ல வேண்டுமானால் நேற்று எத்தனை இடத்தில் நின்றான் என்று ஆசிரியர் எண்ணி வைத்திருக்க வேண்டும். அந்த எண்ணிக்கையே பிள்ளைக்குப் பாராட்டாகிவிடும்.

எல்லாச் சிக்கலும் வாசிப்பால் வருவதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். பலகை தெரியாத கண், சரியாகக் கேளாத காது, காலையில் எதுவும் உண்ணாத வயிறு, டிஸ்லெக்சியா ஆகியவை ஆசிரியரின் திறமைக்கு அப்பாற்பட்டவை. மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வீட்டில் அடி உதை என்று தெரிந்தால் 15999 என்ற அரசாங்க உதவி எண் இருக்கிறது. மேல்வகுப்புப் பையனின் கையில் திடீரென்று பணம் புழங்கினால், வாசலில் வயது மூத்த 'அண்ணன்கள்' காத்திருந்தால், அது குண்டர் கும்பல் விவகாரம். தனி ஆசிரியர் ஒருவர் மட்டும் அதைக் கையாளக் கூடாது.

இதற்கெல்லாம் இவ்வளவு அவசரம் ஏன் என்று கேட்கலாம். ஆறாம் ஆண்டை முடித்த தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு மலாய்மொழித் தேர்ச்சி போதாவிட்டால் ஓராண்டு புகுமுக வகுப்பு. அங்கிருந்து படிவம் ஒன்று. இருபது பேர் வகுப்பிலிருந்து ஆயிரம் பேர் படிக்கும் பள்ளிக்குப் போகிறான். எல்லாப் பாடமும் மலாயில். முன்பெல்லாம் யு.பி.எஸ்.ஆர். தேர்வு என்ற ஒன்று, குறைபாடுகள் பல இருந்தபோதிலும், இந்தப் பிள்ளைக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதை வெளிப்படையாகக் காட்டிவிடும். அத்தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. படிவம் மூன்றின் பி.டி.3 தேர்வு 2022-இல் நீக்கப்பட்டது. பிள்ளைகளின் அச்சம் குறைந்ததை வரவேற்கிறேன். ஆனால் அதன் பிறகு வாசிக்கத் தெரியாத பிள்ளை எந்தப் பொதுத்தேர்விலும் தடுக்கி விழாமல் எஸ்.பி.எம். வரை போய்விடக் கூடிய நிலையும் வந்தது. பெரும்பாலும் அவ்வளவு தூரம் போவதும் இல்லை. படிவம் இரண்டிலோ மூன்றிலோ நின்றுவிடுகிறான்.

நின்றவர்களை மீட்டெடுக்க 2011-இல் வழக்கறிஞர் பசுபதி தொடங்கிய மைஸ்கில்ஸ் அறவாரியம் சிலாங்கூரின் கலும்பாங்கில் தொழிற்கல்வி அளித்து அரும்பணி ஆற்றி வருகிறது. பள்ளியில் இருப்பவர்களுக்கு, டாக்டர் தம்பிராஜா 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் நாடு முழுவதும் வகுப்புகள் நடத்தி, பத்துமலைக்குக் கல்வி யாத்திரையும் அழைத்துச் சென்றது. அக்கரையில் 1991-இல் சிண்டா அமைப்புத் தோன்றியது. இவற்றால் பயன் பெற்றோர் ஏராளம். எனினும் துணைப்பாட வகுப்பு என்பது வாசிக்கத் தெரிந்தவனை மேலே தூக்குவது. எழுத்துக் கூட்டத் தெரியாதவன் அங்கேயும் கடைசி வரிசையில்தான் உட்காருகிறான். அவனுக்கு வகுப்பு வேண்டாம். பக்கத்தில் உட்காரும் ஓர் ஆள் வேண்டும்.

முப்பது பிள்ளைகளுக்கு நடுவே ஆசிரியரால் அது முடியாது. கொடையாளர்களும் கோயிலும் ஆசிரியருக்குத் துணை நிற்கக் கூடிய இடம் இதுவே. விஜயதசமியன்று மடியில் வைத்து அரிசியில் எழுதிக் காட்டுகிறோம். அந்தப் பிள்ளை ஐந்து ஆண்டு கழித்து என்ன எழுதுகிறது என்று யாராவது கேட்டோமா? ஆண்டுதோறும் நாம் வாங்கும் கேடயங்களில் இரண்டைக் குறைத்தால், மூக்குக்கண்ணாடி இல்லாத ஒரு பிள்ளைக்குக் கண்ணாடி வாங்கலாம், வகுப்பு முடிந்து வீடு போக வேன் கட்டணம் கொடுக்கலாம், எஸ்.டி.பி.எம். முடித்துக் காத்திருக்கும் ஒரு பெண்ணுக்குச் சிறு தொகை தந்து வாரம் நான்கு நாள் வாசிப்புக்கு வரச் சொல்லலாம். எந்தப் பிள்ளைக்கு எது வேண்டும் என்பதை ஆசிரியரிடம் கேட்டுச் செய்ய வேண்டும். தயவுசெய்து அந்தப் பிள்ளையை மேடையேற்றிப் பெரிய அட்டைக் காசோலையோடு படம் எடுக்க வேண்டாம். மறுநாள் அவன் வகுப்புக்குப் போக வேண்டியவன்.

பணம் கொடுக்க இயலாதவர்கள் அரைமணி நேரம் கொடுக்கலாம். எங்கள் மண்டபத்தில் ஒரு பாய், இரண்டு புத்தகம், ஒரு பெரியவர், ஒரு பிள்ளை, இவ்வளவுதான் ஏற்பாடு. ஆசிரியராக இருந்திருக்க வேண்டியதில்லை. தமிழ் நாளிதழ் வாசிக்கத் தெரிந்தால் போதும். வருகிறவர்களிடம் நான் முதல் நாளே சொல்லி வைப்பது ஒன்றுண்டு. பிள்ளை ஒரு சொல்லில் நின்றுவிட்டால் உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு அது மிக நீண்ட நேரமாகத் தெரியும். பெரும்பாலும் மூன்றோ நான்கோ எண்ணும்போது அவனே சொல்லிவிடுவான். சொல்லாவிட்டால் முதல் எழுத்தை மட்டும் சொல்லிவிட்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.